பேஸ் கிட்டார் ஏந்திய வொண்டர் கேர்ள்ஸ்

கொரியப் பெண்கள் இசைக்குழுக்களின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எஸ்.இ.எஸ். குழு அறிமுகமான 1997-ல் தொடங்குவார்கள். நான் 1959-க்குப் போவேன். கிம் சிஸ்டர்ஸ் மூவரும் லாஸ் வேகஸில் போய் இறங்கிய ஆண்டு அது. சூக்-ஜாவும் ஐ-ஜாவும் அக்கா தங்கை, மின்-ஜா அவர்களுடைய தாய்மாமன் மகள். மூவரையும் பாடப் பழக்கியவர் லீ நான்-யங். 1935-ல் 'மோக்போவின் கண்ணீர்' பாடி நாட்டையே உருக்கிய பாடகி அவர். கொரியப் போர் எல்லாவற்றையும் கொண்டுபோனபின் அமெரிக்க ராணுவ முகாம்களில் இந்தப் பெண்களைப் பாடவைத்தார். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, ஒலியை அப்படியே நெட்டுருப் போட்டுப் பாடினார்கள். குரலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று சாக்ஸபோன், பேஞ்சோ என வாத்தியம் வாத்தியமாகக் கற்றார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் ஷோ அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்தது.

ஐம்பது ஆண்டு கழித்து, 2009-ல், அதே அமெரிக்காவுக்கு வொண்டர் கேர்ள்ஸ் என்ற கொரியப் பெண்கள் குழு போனபோது அவர்கள் கையில் மைக் மட்டும்தான் இருந்தது. வாத்தியம் வந்துசேர மேலும் ஆறு ஆண்டு ஆனது. அந்த ஆறு ஆண்டுக்காகத்தான் நான் இந்தக் குழுவின் ரசிகை. மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவள் என்பதால், எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் அடியில் ஓடும் பேஸைத்தான் தேடிப்போகும்.

2007 பிப்ரவரியில் வந்த அவர்களின் முதல் பாட்டு 'ஐரனி'யை நான் அதிகம் கேட்பதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'டெல் மீ'தான் தொடக்கம். குழுவை உருவாக்கிய பார்க் ஜின்-யங், ஸ்டேசி க்யூ 1986-ல் பாடிய 'டூ ஆஃப் ஹார்ட்ஸ்' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன்மேல் இந்தப் பாட்டைக் கட்டினார். எண்பதுகளின் சின்தசைசர், இயந்திரத் தாளம், ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க மண்டைக்குள் சுற்றும் பல்லவி. நடுவில் குழுவின் சோஹீ கன்னத்தில் கைவைத்து வியக்கும் ஒரு நொடி வரும். அந்த நடனத்தைப் பள்ளிப் பிள்ளைகள், போலீஸ்காரர்கள், ராணுவத்தினர் என்று ஆளாளுக்கு ஆடி இணையத்தில் ஏற்றினார்கள். 2008-ல் 'ஸோ ஹாட்', அடுத்து 'நோபடி'.

'நோபடி' காணொளியின் தொடக்கத்தைக் கவனியுங்கள். மேடை பார்க் ஜின்-யங்குடையது, பெண்கள் ஐவரும் பின்பாட்டுக்காரிகள். பிறகு அவர் கழிவறைக்குப் போகிறார், அங்கே காகிதம் இல்லாமல் மாட்டிக்கொள்கிறார். வேறு வழியின்றிப் பின்பாட்டுக்காரிகள் முன்னால் வந்து பாடுகிறார்கள். மினுமினுக்கும் கவுன், பழைய காலத்து நின்ற மைக், ஒரே அளவில் விழும் கைதட்டு எல்லாமே அறுபதுகளின் சுப்ரீம்ஸ் குழுவை நினைவூட்டுபவை. சிரிக்கவைக்கும் காட்சிதான். ஆனால் அன்றைய உண்மை நிலவரமும் அதுவே: பாட்டு அவருடையது, எந்தப் பத்தாண்டின் உடுப்பை மாட்டுவது என்ற முடிவும் அவருடையது. உழைப்பும் குரலும் பெண்களுடையவை.

அமெரிக்காவில் ஜோனாஸ் பிரதர்ஸ் மேடையேறுமுன் பாடும் குழுவாக ஊர் ஊராகப் போனார்கள். 2009 அக்டோபரில் 'நோபடி'யின் ஆங்கில வடிவம் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 76-வது இடம் பிடித்தது. அந்தப் பட்டியலுக்குள் நுழைந்த முதல் கொரியக் குழு அவர்கள். இதைத் தோல்விக் கதையாகவே எழுதி வருகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. விலை கொடுத்தார்கள் என்பது நிஜம். அந்த ஆண்டு ஜனவரியில் 'ஜீ' பாட்டோடு வந்த கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு, இவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் முதலிடத்தில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. 2010-ல் சன்மி விலகினார், ஹேரிம் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு 2011-ல் வந்த 'வொண்டர் வேர்ல்ட்' தொகுப்பைக் கேளுங்கள். 'ஜி.என்.ஓ.' பாட்டு யேயுன் எழுதியது. பேனா அப்போதே கைமாறத் தொடங்கிவிட்டது.

2013-ல் சன்யே கல்யாணம் செய்துகொண்டார், அந்த ஆண்டு முடிவில் சோஹீ வேறு வழி போனார். குழு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 2015 ஆகஸ்டில் 'ரீபூட்' தொகுப்பு வந்தது. திரும்பிவந்த சன்மி பேஸ், யேயுன் கீபோர்டு, யூபின் ட்ரம்ஸ், ஹேரிம் கிட்டார். தொகுப்பின் 12 பாட்டில் முதன்மைப் பாட்டான 'ஐ ஃபீல் யூ' மட்டுமே பார்க் ஜின்-யங் எழுதியது. மற்ற பதினொன்றிலும் இவர்களின் கை இருந்தது. மறுபடியும் எண்பதுகளின் சாயல்தான், 'டெல் மீ' வந்த அதே திசை. ஆனால் இந்த முறை அந்தக் காலத்து ஒலியை உள்ளே இறங்கிப் படித்து எழுதியிருக்கிறார்கள். 'ஐ ஃபீல் யூ' காணொளியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேமரா நீச்சலுடையைக் காட்டிய நேரத்தில் பாதியாவது விரல்களைக் காட்டியிருக்கலாம். சன்மியின் இடக்கை எங்கே நகர்கிறது என்று பார்க்க நான் மேடை நிகழ்ச்சிகளின் பதிவுகளைத்தான் தேடிப்போக வேண்டியிருந்தது. கனமான பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாளத்தில் நின்றபடியே பாடவும் செய்வது எவ்வளவு கடினம் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். வாசிப்பும் பாட்டும் வேறு வேறு இடத்தில் அழுத்தம் கேட்கும்.

2016 ஜூலையில் வந்த 'வை ஸோ லோன்லி' என் உச்சம். சன்மியும் ஹேரிமும் இசையமைப்பாளர் ஹாங் ஜி-சாங்கோடு சேர்ந்து எழுதியது. பார்க் ஜின்-யங் எழுதாத முதல் முதன்மைப் பாட்டு. ரெகே தாளம்: கிட்டார் அடிக்கு அடி விழாமல் இடைவெளியில் வெட்டி வெட்டி விழுகிறது, பேஸ் அவசரமில்லாமல் கீழே நடக்கிறது. அலங்காரம் குறைவு, காற்றுப் போக இடம் அதிகம். கோடை முழுக்கக் கொரியாவில் இந்தப் பாட்டு ஓடியது.

2017 ஜனவரியில் கலைப்பு அறிவிப்பு வந்தது. அறிமுகமாகிப் பத்தாண்டு நிறையும் பிப்ரவரியில் 'டிரா மீ' என்ற கடைசிப் பாட்டை வெளியிட்டார்கள். 2018-ல் சன்மி தனியாகப் பாடிய 'சைரன்' பெரும் வெற்றி பெற்றது. 'ரீபூட்' காலத்தில் குழுவுக்காக அவர் இசையமைத்து, வாத்தியக் குழு வடிவத்துக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைத்த பாட்டு அது.