புல்லில்லாத மலையும் கொடி ஏறிய மலையும்

புல் முளைத்த இறப்பர் மலை கங்காணிக்குக் கேவலம். கேகாலை மாவட்டத்து வரக்காப்பொலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் என் தாத்தா காலத்துப் பேச்சு அது. மாதம் ஒரு முறை ஒப்பந்த வேலை எடுத்த கொந்தரப்புக்காரர்கள் சுரண்டியோடு இறங்கி மலையை மொட்டையடித்துவிட்டு வருவார்கள். கன்றுக்கும் கன்றுக்கும் நடுவே செம்மண் மட்டும்தான் தெரிய வேண்டும். தோட்டத் துரை பார்க்க வரும்போது அவருடைய சப்பாத்தில் ஒரு புல்லு ஒட்டினாலும் கொந்தரப்புக் காசில் வெட்டு விழும்.

இந்தச் சுத்தம் கோப்பிக் காலத்திலிருந்து வந்தது. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. கோப்பி போனாலும் கோப்பித் துரைமாரின் பழக்கம் போகவில்லை. தேயிலைக்கு வந்தது, அங்கிருந்து இறப்பருக்கும் இறங்கியது. எங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லை, வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். சாய்வான மலையில் மொட்டை மண்ணின் மேல் அந்த மழை விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐப்பசி மழையில் மகா ஓயா சிவப்பாக ஓடுவதைப் பார்த்து, “தோட்டம் போகுது பார்” என்று தாத்தா சொல்வாராம். மண் அரிப்பைப் பற்றி அரசாங்கம் போட்ட குழுவின் அறிக்கை 1931இல்தான் வந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வர 1951 ஆயிற்று. அதற்குள் மேல்மண்ணில் பாதி கடலுக்குப் போயிருக்கும் என்பது என் கணக்கு.

கோப்பி நோயை ஆராய 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை இங்கே அழைத்து வந்தார்கள். இரண்டு வருடம் இருந்தார். ஒரே பயிரை மலை மலையாக அடர்த்தியாக நட்டதே பூஞ்சணத்துக்கு வசதி செய்து கொடுத்தது என்று சொன்னார். அந்தப் பேச்சைக் காசு போட்டவர்கள் விரும்பவில்லை. மனிதர் ஊர் திரும்பி அவரைச் செடியின் வேரைத் தோண்டினார். மண்ணிலிருக்கும் ஓர் உயிர் வேர்மயிர் வழியாக உள்ளே நுழைந்துதான் அவரை வேரில் முடிச்சு உண்டாகிறது என்று 1887இல் எழுதினார். அதுவும் பூஞ்சணம் என்றே அவர் நினைத்தார். அடுத்த வருடமே ஒல்லாந்தில் பெயரிங்க் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்து வளர்த்து, பக்டீரியா என்று காட்டிவிட்டார். அந்த முடிச்சுதான் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குப் பிடித்துத் தருகிறது என்பதை 1886இலேயே ஜேர்மனியில் ஹெல்ரீகல் சொல்லியிருந்தார். மண்ணிழந்த மலைக்கு விடை அங்கே கிடைத்துவிட்டது. எங்கள் மலைக்கு அது வந்து சேர ஏறத்தாழ நாற்பது வருடம் பிடித்தது.

1920களிலும் 30களிலும் ஜாவா, மலாயாத் தோட்டங்களின் வழியைப் பார்த்து இங்கும் கொடி போடத் தொடங்கினார்கள். சென்ட்ரோசீமா, கலபகோனியம், பியூரேரியா என்று துரைமார் பெயர் சொல்வார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கொடி. மூன்றுமே அவரைக் குடும்பம். மலையை வெறுமையாக வைக்காதே, கொடியால் மூடு என்று அகலவத்தை டார்ட்டன்பீல்டில் இருக்கும் இறப்பர் ஆராய்ச்சி நிலையம் சொல்லத் தொடங்கியது.

லயத்தில் இதற்கு வரவேற்பு இருக்கவில்லை. புல்லு வெட்டுக் கொந்தரப்பில் நாலு காசு பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். விடியற்காலை இருட்டோடு பால் வெட்டப் போகும் பெண்கள் இன்னும் கோபமாகச் சொன்னது வேறு: கொடிக்குள் கோப்பி விரியன் சுருண்டு கிடக்கும், கால் வைக்கும் வரை தெரியாது. மூடுபயிரின் பெருமையை எழுதுகிற அறிஞர்கள் இந்தப் பாம்பை எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். ஏனென்றால் அந்த நைதரசனுக்கு விலை கொடுத்தவர்களில் அந்தப் பெண்களும் உண்டு.

என் அப்பா சில்லறைக் கங்காணி. கொடி விதை போடுவது அவருக்கு ஒரு சடங்கு மாதிரி. பியூரேரியா விதைக்குத் தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதிக்கு மேல் முளைக்காது. சுடுநீர் ஊற்றி இரவெல்லாம் ஊற வைப்பார். காலையில் பழைய கொடி மலையிலிருந்து ஒரு சாக்கு மண் கொண்டு வரச் சொல்வார். அந்த மண்ணையும் பொஸ்பேற் தூளையும் விதையோடு பிசறித்தான் விதைக்கக் கொடுப்பார். “எதுக்கப்பா பழைய மண்ணு?” என்று கேட்டால், “பாலுக்கு உறை மோர் விடுற மாதிரி” என்பார். முடிச்சு பக்டீரியாவைப் புதுவயலுக்குக் கொண்டுபோக இந்த மண் மாற்றும் முறையையே ஐரோப்பாவிலும் முதலில் கையாண்டார்கள். 1896இல் அந்த பக்டீரியாவைப் புட்டியில் அடைத்து ‘நைட்ரஜின்’ என்று விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பு படித்த அப்பாவுக்கு அந்தப் புட்டியைப் பற்றித் தெரியாது. யாரோ ஒரு தோட்டக் கண்டக்டரிடம் கேட்டுப் பழகியது.

கொடி படர்ந்து மூன்று நாலு மாதத்தில் ஒன்றைப் பிடுங்கி, பால் வெட்டுக் கத்தியால் வேர் முடிச்சைப் பிளந்து காட்டுவார். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ மண் நிறமாகவோ இருந்தால் சோம்பேறி முடிச்சு. நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு பொருள்தான் அந்தச் சிவப்பு. பக்டீரியாவுக்குத் தேவையான ஒட்சிசனை அது அளந்து விடுகிறது. இதைப் பின்னாளில் நான் வெளிக்கள உத்தியோகத்தர் பயிற்சிக்குப் போனபோது படித்தேன். பாடத்தை விட அப்பாவின் கத்தி தெளிவாகச் சொல்லியிருந்தது.

நன்றாகப் படர்ந்த கொடி ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 150 கிலோ வரை நைதரசன் பிடிக்கும் என்பது மலேசிய இறப்பர் தோட்டங்களில் அளந்து கண்டது. யூரியாக் கணக்கில் 50 கிலோ மூட்டை ஆறரை. அதுவும் மலையேற்றிச் சுமக்கத் தேவையில்லாத மூட்டை. ஐந்தாறு வருடத்தில் இறப்பர் கிளை மூடி நிழல் விழும்போது கொடி செத்து மண்ணோடு மண்ணாகும். அதன் பலன் பால் வெட்டத் தொடங்கிய பிறகும் மரத்துக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு நன்மையை எங்கள் ஆட்கள் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்கள். இறப்பரின் பெரிய எதிரி வெள்ளை வேர் நோய். பழைய மரத்தை வெட்டினால் மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கட்டையில் பூஞ்சணம் உட்கார்ந்து, புதிய கன்றின் வேரைத் தொட்டதும் ஏறிவிடும். கொடி மூடிய இடத்தில் மண் ஈரமாக இருக்கிறது, கட்டை சீக்கிரம் உக்குகிறது. பூஞ்சணம் அந்தக் கொடி வேர்களிலும் பரவி வீணாகச் செலவழிந்து போகிறது. மண்ணிலுள்ள பக்டீரியாக்களும் எதிர்ப் பூஞ்சணங்களும் பெருகி அதை நெருக்குகின்றன. இதே வகை நுண்ணுயிரைத்தான் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பின்னாளில் டால்க் தூளில் கலந்து ‘சூடோமோனாஸ்’ என்று நெல்லுக்கும் வாழைக்கும் கொடுத்தது. எங்கள் மலையில் அது பொட்டலமில்லாமலே வேலை செய்தது.

பிறகு யூரியா மூட்டை மலிவாக வந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கொம்பனிகளுக்கு வந்தது. ஆள் குறைந்தது, களைநாசினி தெளித்தால் ஒரு ஆள் பத்து ஆள் வேலை செய்வான் என்றார்கள். நான் வேலை பார்த்த தோட்டத்தில் மீள்நடுகை மலைக்குக் கொடி விதை கேட்டு எழுதினால் பதில் வராது, களைநாசினி கேட்டால் மறுநாளே லொறி வரும். புல்லு சாக வேண்டும் என்று தெளித்தது கொடியையும் கொன்றது. தாத்தா காலத்து மொட்டை மலை மறுபடியும் வந்தது, இந்த முறை சுரண்டி இல்லாமல். 2015இல் கிளைபோசேற்றைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். அந்த மூன்று வருடத்தில் கொடி போட யாராவது சொன்னார்களா என்றால், எங்கள் தோட்டத்தில் இல்லை.

இதற்கிடையே பேராதனையில் பேராசிரியர் குலசூரிய சோயாவுக்கான முடிச்சு பக்டீரியாவில் பல வருடம் உழைத்தார். கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் காமினி செனவிரத்னவின் குழு பக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் ஒரே படலமாகச் சேர்த்து வளர்த்து, நெல்லிலும் தேயிலையிலும் இறப்பர் நாற்றிலும் சோதித்தது. இரசாயன உரத்தைப் பாதி வரை குறைத்து, மீதிப் பாதியோடு பக்டீரியாவைச் சேர்ப்பதே அவர்கள் காட்டிய வழி. பாதி என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

2021 மே மாதம் அரசாங்கம் அந்த அடிக்கோட்டைப் படிக்கவில்லை. இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. நாடே பக்டீரியாவைப் பற்றிப் பேசியது. வரக்காப்பொலைக் கடைத்தெருவில் எதையெதையோ போத்தலில் அடைத்து ‘ஜீவ பசளை’ என்று விற்றார்கள். சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பலின் மாதிரியில் எர்வினியா போன்ற தீய பக்டீரியா இருப்பதாகச் சொல்லி இறக்க விடவில்லை. கப்பல் கடலில் சுற்றியது. சரக்கு வராமலே 2022 ஜனவரியில் ஏறத்தாழ 70 லட்சம் அமெரிக்க டொலர் கட்டினோம். தடை அதற்கு முன்னர் நவம்பரிலேயே தளர்ந்துவிட்டது. அதற்குள் நெல்லும் தேயிலையும் பட்ட அடி எல்லோருக்கும் தெரியும். பக்டீரியா மேல் இருந்த நம்பிக்கையும் அதோடு கெட்டது, தப்பு பக்டீரியாவுடையதல்ல. ஐந்தாறு வருடத்தில் மண்ணைத் தயார் செய்யும் ஒரு வேலையை ஒரு போகத்தில் செய்யச் சொன்னார்கள்.

கேகாலை மாவட்டத்தில் இறப்பர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மீள்நடுகைக்கு மரத்தை வெட்டியதும், கன்றுக்கு முன்னால் கொடியைப் போடுங்கள். பியூரேரியா கிடைக்காவிட்டால் இப்போது பரவி வரும் முக்குனா பிரக்டியேற்றாவைக் கேட்டு வாங்குங்கள். பொஸ்பேற் சேருங்கள், கன்றைச் சுற்றி வட்டமாகக் கொடியை வெட்டி விடுங்கள், பால் வெட்டும் பாதையில் படர விடாதீர்கள், அங்கே பெண்கள் நடக்கிறார்கள். நாலாம் மாதம் ஒரு முடிச்சைப் பிளந்து பாருங்கள். சிவப்பாக இல்லாவிட்டால் விதை விற்றவரிடம் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால், பழைய கொடி மலையிலிருந்து ஒரு சாக்கு மண் கொண்டு வாருங்கள்.