செஞ்சிக் கோட்டையும் பெயர் எழுதப்படாத உளிகளும்

செஞ்சி என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் தேசிங்கு ராஜன்தான். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே களத்தில் வீழ்ந்த அவருடைய கதை, கூத்திலும் கதைப்பாடலிலும் இன்றும் உயிரோடிருக்கிறது. வரலாற்று நூல்களைப் புரட்டினாலோ, அரசர்களும் ஆண்டுகளும் வரிசைகட்டி நிற்கிறார்கள். கோனார்கள், விஜயநகரத்தார், நாயக்கர்கள், பின்னர் பீஜப்பூர்ப் படைகள், 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கோட்டை கைமாறிய கதை நமக்கு நன்றாகவே தெரியும். அதைக் கட்டிய கைகளில் என்னென்ன கருவிகள் இருந்தன என்பதை நாம் என்றாவது கேட்டதுண்டா?

இதற்கு விடை தேடிக் கல்வெட்டுகளிடம் போனால் ஏமாற்றமே மிஞ்சும். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டு குடைவரையை எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலைச் செய்வித்ததாக விசித்திரசித்தனான அம்மன்னன் அங்கே பெருமையோடு பொறித்திருக்கிறான். கட்டுமானப் பொருள் என்ற அளவில் அவன் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் அந்தக் குடைவரையின் ஒவ்வோர் அங்குலமும் இரும்பு உளியால் வெட்டப்பட்டது. உலோகம் இல்லை என்று சொல்லும் அந்தக் கல்வெட்டின் எழுத்துகளும் உளியால்தான் வெட்டப்பட்டன! பொருள்களின் பட்டியலில் சேராத கருவிக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை.

சில சமயம் கைவினைஞரின் பெயராவது கிடைத்துவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரைப் படித்து நாம் மகிழ்கிறோம். அது பெருந்தச்சனின் பெயர். அவருக்குக் கீழே கல் உடைத்தவர், உளி காய்ச்சியவர், சாந்து குழைத்தவர் ஆகியோரை நாம் வேறு வழியில்தான் அறியவேண்டும். அந்த வழி கல்லிலேயே இருக்கிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது செஞ்சியின் மதில். இதற்கான கல்லை வெகுதொலைவிலிருந்து கொண்டுவரத் தேவையிருக்கவில்லை. குன்றுகளே கற்குவியல்கள்தாம். பாறையை வேண்டிய அளவில் பிளப்பதுதான் பெரிய வேலை. கருங்கல் வேலை நடந்த பழைய இடங்களில் பிளந்த கல்லின் விளிம்பை உற்றுப் பார்த்தால், பல்வரிசை போலச் சிறுசிறு பள்ளங்கள் சம இடைவெளியில் தெரியும். அவை ஆப்புக் குழிகளின் பாதிகள். மறுபாதி பிரிந்து சென்ற கல்லோடு போயிருக்கும்.

ஆப்பு அடிக்கும் முறை இன்றும் ஏறக்குறைய அதேதான். முதலில் காவியில் தோய்த்த நூலைப் பாறைமேல் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டுக் கோடு போடுவார்கள். கோட்டின்மேல் உளியால் வரிசையாகக் குழி வெட்டி, குழிக்கொன்றாக ஆப்பைச் செருகுவார்கள். பிறகு சம்மட்டி. ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் கோணலாகத் தெறித்துவிடும். ஆகவே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வோர் ஆப்புக்கும் அளவான ஓர் அடி, மீண்டும் முதலிலிருந்து இன்னொரு சுற்று. ஆப்பு இறுக இறுக ஓசை மாறிக்கொண்டே வரும். எந்த ஓசையில் கையை நிறுத்திக் கல்லைக் காத்திருக்க விடவேண்டும் என்பது பழகிய காதுக்குத்தான் தெரியும்.

ஓசை என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிற்ப நூல்கள் ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று கற்களைப் பிரிக்கின்றன. இந்தப் பிரிவுக்குக் கல்லைத் தட்டினால் எழும் ஒலியும் ஓர் அடையாளம். இதை வெறும் நம்பிக்கை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. உள்ளே விரிசல் ஓடிய கல் கணீரென்று ஒலிக்காது. வேலை பாதியில் இருக்கும்போது உடையப்போகும் கல்லை, உளி வைப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கும் சோதனை இது.

அடுத்தது உளி. கருங்கல்லில் உளிமுனை விரைவிலேயே மழுங்கிவிடும். ஆதலால் கல்தச்சர் ஒற்றை உளியோடு வேலைக்கு உட்காருவதில்லை. பருமனிலும் முனையிலும் வேறுபட்ட ஒரு கட்டு உளிகள் அருகே கிடக்கும். கல் வேலை நடக்கும் இடத்தில் துருத்தியும் கரியுமாக ஓர் உலையும் இருந்தாகவேண்டும். மழுங்கிய முனையைச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்ப்பார்கள். தோய்ச்சல் கூடினால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். ஆறிவரும் இரும்பின் நிறத்தைப் பார்த்துப் பதம் அறிவதே இங்கே வித்தை. எனவே செஞ்சி மதில் கல்தச்சரின் வேலை மட்டுமன்று, கொல்லரின் வேலையும்கூட. கொல்லரின் உலை அணைந்தால் அன்றைக்குக் கல் வேலையும் நின்றுவிடும்.

மூன்றாவது கரணை. களஞ்சியங்களின் வளைந்த கூரைகளும், கல்யாண மகாலின் அடுக்குகளும் சுண்ணாம்புச் சாந்தின் துணையால் நிற்பவை. சுண்ணாம்பைத் தாளித்து, மணல் சேர்த்து, மாடு இழுக்கும் கல்செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்துவது தமிழகக் கொத்தர்களின் பழைய வழக்கம். சுண்ணாம்பு மெதுவாக இறுகும். பூசியதைத் தட்டவேண்டும், தேய்க்கவேண்டும், நாள்கணக்கில் ஈரம் காக்கவேண்டும். சிமெண்டோ சில மணி நேரத்தில் இறுகிவிடும். கரணை அதே கரணைதான், பிடித்த கையின் பழக்கம் அடியோடு மாறிவிட்டது. பழைய செங்கல்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லே உதிரத் தொடங்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர் இல்லாவிட்டால் பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பதே அதற்குக் கேடாக முடியும்.

ஆட்சிகள் மாறியபோதெல்லாம் மாறாமல் இருந்த இந்தக் கருவிகள், நம் காலத்தில்தான் வேகமாக மாறின. இன்று கல்பட்டறைகளில் துளையிடும் இயந்திரமும், வைரப்பல் பதித்த வட்டு சுழலும் கிரைண்டரும் வந்துவிட்டன. கார்பைடு முனை பொருத்திய உளிக்கு அடிக்கடி உலை தேவையில்லை. நாள்கணக்கில் செய்த வேலை மணிக்கணக்கில் முடிகிறது. தோள்வலியும் குறைகிறது. இவற்றைக் குறை சொல்ல வசதியாக நாற்காலியில் அமர்ந்து எழுதும் நமக்கு உரிமையில்லை.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கருங்கல்லில் சிலிக்கா உண்டு. உளி தெறிக்கவிடும் சில்லுகளில் பெரும்பகுதி காலடியில் விழும். கிரைண்டர் கிளப்பும் மாவு போன்ற தூசியோ காற்றில் மிதந்து நுரையீரலின் அடிவரை செல்லும். சிலிக்கோசிஸ் என்னும் அந்த நோயைத் தீர்க்க மருந்தில்லை, தடுக்கத்தான் முடியும். வெட்டும் இடத்தில் நீர் விடுவது, தரமான முகமூடி அணிவது, தூசியை உறிஞ்சி அகற்றுவது என்று வழிகள் உண்டு. உளிக்கேற்ற பழக்கங்கள் உருவாகப் பல நூற்றாண்டுகள் கிடைத்தன. இயந்திரத்துக்கேற்ற பழக்கங்கள் ஒரே தலைமுறையில் உருவாகவேண்டியிருக்கிறது. தலையில் கட்டிய துண்டையே அவிழ்த்து மூக்கில் சுற்றிக்கொண்டு கிரைண்டரை இயக்குபவர்களை நாம் எத்தனை ஊர்களில் பார்க்கிறோம்!

2025 ஜூலையில் மராத்தியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, அவற்றுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஒன்று செஞ்சி. நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. கோட்டையை மராத்தியருடையது என்பதா, நாயக்கருடையது என்பதா என்ற விவாதமும் கூடவே எழுந்தது. அவ்விவாதம் நடக்கட்டும். இனி செஞ்சிக்குச் செல்லும் நண்பர்கள் ராஜகிரியின் உச்சிக்கு விரையும் முன், அடிவாரத்து மதிலருகே சற்று நேரம் நிற்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அங்கே கற்களின் முகத்தில் உளித்தடங்களைத் தேடிப் பாருங்கள். ஆழமாக விழுந்த அடியையும் மேலோட்டமான அடியையும் விரலால் தடவியே பிரித்தறியலாம்.