இருபொருள் நுரைமம்: கரிசல் வெயிலில் சாக்லேட்டும் நீரும்

1. வரையறை

வளிக்குமிழிகள் கொழுப்புப் படிகங்களால் தாங்கப்பட்டு நிற்கும் மென்திண்மத்தை இங்கு நுரைமம் என்கிறோம். முட்டையும் பாலேடும் இல்லாமல், சாக்லேட், நீர் என்னும் இரண்டால் மட்டும் அமைவது இருபொருள் நுரைமம். 1988-இல் நிக்கோலஸ் குர்த்தியுடன் இணைந்து சமையலின் மூலக்கூறு ஆய்வுக்கு வித்திட்ட பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் 1995-இல் இதை வகுத்தார். பாலேடு என்பது நீரில் பரவிய கொழுப்புத் துளிகள். அதே அமைப்பைச் சாக்லேட்டிலிருந்து பெற முடியும் என்பதே அவர் கண்டது.

2. காரணங்கள்

பொருட்காரணம் இரண்டு என்பது உண்மை. ஆயினும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மூன்றாவதாகக் குளிரையும் காரணமாகவே கொள்ள வேண்டும் என்பது எம் துணிபு. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். சித்திரை, வைகாசிப் பகலில் இவ்வூர் அடுக்களை அதைத் தாண்டிவிடும். அவ்வெப்பத்தில் படிகம் தோன்றாது. படிகம் இல்லையேல் குமிழி நில்லாது. குளிர்நாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றியோர் இங்கே ஏமாறுவது இதனாலேயே.

நீரையும் ஆராய வேண்டும். எடையில் ஏறக்குறைய பாதி நீர் என்பதால் போர்த் தண்ணீரின் உப்புச் சுவை ஒளியாது. குடிக்கும் நல்ல தண்ணீரே தகும்.

சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா என உறையைப் பார்த்து வாங்குக. கேக் கடைகளுக்கு வரும் காம்பவுண்ட் வகையில் அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். எம் கணக்கு அதற்குப் பொருந்தாது.

3. அளவு

மொத்தக் கலவையில் கொழுப்பு 21 விழுக்காடு அளவில் நிற்பது நலம். 100 கிராம் சாக்லேட்டில் 40 கிராம் கொழுப்பு என்றால் நீர் 90 மி.லி.; கொழுப்பு 34 கிராமே என்றால் நீரை 60 மி.லி.க்குக் குறைக்க.

4. நிலைகள்

முதலாவது பால்மநிலை. நீர் முழுவதையும் சாக்லேட்டுடன் ஒருசேரச் சேர்த்துச் சிறுதீயில் இளக்குக, கொதிக்கலாகாது. சொட்டுச் சொட்டாக விட்டால் சர்க்கரையும் கோகோத் துகளும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். நீர் போதிய அளவு இருந்தால் கொழுப்பு துளிகளாகப் பிரிந்து பரவும். சாக்லேட்டிலுள்ள லெசித்தின் அவை மீண்டும் ஒன்றுசேராமல் காக்கும்.

இரண்டாவது நுரைநிலை. எவர்சில்வர் சட்டியைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அதில் கலவையை ஊற்றிக் கம்பிக் கடைப்பானால் அடிக்க வேண்டும். தொடக்கத்தில் பெருங்குமிழிகள் எழுந்து உடையும். கலவை கருஞ்சாந்து போல் ஓடும். பிறகு நிறம் வெளிறும், சட்டியின் ஓரம் முதலில் தடிக்கும், கம்பி சென்ற தடம் மூடாமல் நிற்கும். அக்கணமே நிறுத்துக. மிகுதியாக அடித்தால் படிகங்கள் திரண்டு குமிழிகளை உடைத்துவிடும்; பொருள் மணல்மணலாகும். பரிமாறும் கிண்ணங்களையும் முன்னரே குளிர்வித்து, செய்தவுடன் உண்ணக் கொடுப்பதே முறை. குளிர்பெட்டியில் நெடுநேரம் வைத்தால் இறுகிவிடும்.

5. பிழைதீர்த்தல்

தடிக்கவில்லையேல் கொழுப்புக் குறைவு. மீண்டும் இளக்கிச் சாக்லேட் சேர்க்க. மணலானால் இளக்கி அடித்தாலே போதும். கல்லாய் இறுகினால் சிறிது நீர் கூட்டுக. கொழுப்பின் உறைவு மீளத்தக்கது என்பதால் இம்மூன்றும் கைகூடுகின்றன. முட்டை சேர்த்த நுரைமத்துக்கு இவ்வழி இல்லை. சூடேற்றினால் அதன் புரதம் இறுகிவிடும்.