அம்மா தைத்த காடாத் துணிப் பை

சென்ற மாதம் பேத்தி கடையில் வாங்கி வந்த துணிப்பை, இரண்டு கிலோ வெங்காயத்துக்கே காது அறுந்துவிட்டது. பரணில் இருந்து என் அம்மா தைத்த பையை இறக்கிக் கொடுத்தேன். அதற்கு அறுபது வயதாகிறது. நிறம் மங்கியிருக்கிறதே தவிர, ஒரு தையல்கூட விடவில்லை.

நம் புதுச்சேரி துணியால் பிழைத்த ஊர். அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கிருந்து கப்பலேறிய அந்தத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. அங்கே ஆற்றங்கரைச் சந்தைகளில் கோந்து வாங்குவதற்கு அதுவே பணம்போல் கைமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மில்கள் வந்தன. சவானா மில், கப்ளே மில், 1898-ல் ரோடியர் மில். அவையே பின்னாளில் சுதேசி, பாரதி, ஏ.எப்.டி. என்று ஆயின. மில் சங்கு ஊதித்தான் ஊர் எழுந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. என் தாத்தா அன்று கூட்டத்தில் இருந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். என் அப்பாவும் மில் தொழிலாளிதான். அவர் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப முடிந்தது அந்தப் பன்னிரண்டு பேரால் என்று நான் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் மில்லில் சில மாதம் வேலை இல்லை. வீட்டில் இருந்த காடாத் துணியை வெட்டி அம்மா பை தைத்தார். மளிகைக் கடைகளுக்கு விற்றார். என் நோட்டுப் புத்தகச் செலவு அதில்தான் வந்தது. மிஞ்சிய துணியில் எனக்கும் ஒரு பை. கூடப் படித்த சிலர் ‘கர்த்தாபிள்’ என்ற தோல் பையோடு வருவார்கள். நான் என் பையைப் பள்ளி வாசலிலேயே சுருட்டிக் கையில் இடுக்கிக்கொள்வேன். அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பையைப் பேத்தியோடு உட்கார்ந்து புரட்டிப் பார்த்தபோதுதான் வேலையின் நேர்த்தி தெரிந்தது. அம்மா காடாவை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுவார். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். பிறகு, நல்ல பக்கம் வெளியே இருக்க ஓரத்தில் ஒரு தையல். பிசிறை ஒட்ட நறுக்கி, பையை உள்வெளியாகத் திருப்பி, அதே ஓரத்தில் இன்னொரு தையல். பிசிறு உள்ளே அடைபட்டுவிடும், நூல் பிரியாது. அடியில் இரண்டு மூலைகளையும் முக்கோணமாக மடித்துக் குறுக்கே தைத்தால் பை தரையில் நிற்கும். காதுக்கு நான்கு மடிப்புப் பட்டை. அதன் முனையை நாலு விரற்கடை பையின் உள்ளே இறக்கி, சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி. பாரம் ஒரே தையலில் விழாமல் பரவிவிடுகிறது. கடைப் பையில் குறுக்கே ஒற்றைத் தையல்தான் இருந்தது.

இந்த இரட்டைத் தையலை ஆங்கிலேயர் ‘பிரெஞ்சுத் தையல்’ என்கிறார்கள். பிரெஞ்சில் அதற்குப் பெயர் ‘கூத்யூர் ஆங்கிளேஸ்’, அதாவது ஆங்கிலத் தையல்! இரண்டு பெயரும் அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு அது ‘மூடித் தைக்கிறது’.

2020-ல் ஏ.எப்.டி., சுதேசி, பாரதி மூன்றும் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்துவிட்டது. போன வாரம் ஒன்றரை மீட்டர் காடா வாங்கி, அம்மாவின் கால் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பதினாறாம் நம்பர் ஊசி மாட்டினேன். மூன்று நாளில் ஒரு பை முடிந்தது. தையல் கொஞ்சம் கோணல்தான். ஐந்து கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பார்த்தோம், தாங்கியது.

அதைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். அம்மாவின் பை இப்போது என்னிடம். பெரிய மார்க்கெட்டுக்கு அதைத்தான் கொண்டு போகிறேன், சுருட்டாமல்.