தவிட்டில் ஒளிந்திருந்த உயிர் – பெரிபெரி நோயின் வரலாறு

நோயாளியைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்வார் மருத்துவர். பிறகு "எழுந்திரு" என்பார். அவனால் எழுந்திருக்க முடியாது. கையைத் தரையில் ஊன்றுவான், பக்கத்தில் இருப்பதைப் பிடிப்பான், அப்படியும் தொடையும் கெண்டைக்காலும் ஒத்துழைக்காது. பார்த்தால் இளைஞனாக இருப்பான். நேற்றுவரை மூட்டை தூக்கியவனாகக்கூட இருப்பான்!

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆசியாவின் துறைமுகங்களிலும் சிறைகளிலும் ராணுவ முகாம்களிலும் இது அன்றாடக் காட்சி. நோயின் பெயர் பெரிபெரி. சிங்களத்தில் 'பெரி' என்றால் 'முடியாது' என்று பொருள். அதை இரண்டு முறை சொன்னதுதான் நோயின் பெயராயிற்று என்று பல மருத்துவ நூல்கள் சொல்கின்றன. முடியாது, முடியாது... இதைவிடப் பொருத்தமான பெயர் அந்த நோய்க்குக் கிடைத்திருக்காது.

முதலில் கால் மரத்துப் போகும். கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும். தசைகள் மெலிந்து நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். இதயமும் ஒரு தசைதானே?

இது கிருமியா, விஷமா, கெட்ட காற்றா? பதில் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தப் பதில் இருந்த இடமோ, மாட்டுக்கும் கோழிக்கும் வீசிக்கொண்டிருந்த தவிடு!

இரண்டு கப்பல்கள்

ஜப்பானியக் கடற்படையில் 1880 வாக்கில் மூன்றில் ஒரு வீரருக்குப் பெரிபெரி வந்துகொண்டிருந்தது. போர் வந்தால் பீரங்கியைத் திருப்பக்கூட ஆள் இருக்காது என்ற நிலை. லண்டனில் படித்துத் திரும்பிய கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ ஒரு விஷயத்தைக் கவனித்தார். அதிகாரிகளுக்கு இந்த நோய் அதிகம் வருவதில்லை, சாதாரண மாலுமிகளுக்குத்தான் வருகிறது. இருவரும் ஒரே கப்பலில் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வேறுபாடு தட்டில் இருந்தது. மாலுமிகளின் தட்டில் பெரும்பாலும் வெள்ளைச் சோறு மட்டுமே.

1882இன் இறுதியில் 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாக நீண்ட பயணம் புறப்பட்டது. கப்பலில் 376 பேர். அவர்களில் 169 பேருக்குப் பெரிபெரி வந்தது, 25 பேர் இறந்தனர். தகாகி விடவில்லை. 1884இல் 'ட்சுகுபா' என்ற இன்னொரு கப்பலை ஏறக்குறைய அதே பாதையில் அனுப்ப வைத்தார். இம்முறை சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி, காய்கறிகள் சேர்க்கப்பட்டன. நோய் வந்தது இருபதுக்கும் குறைவானவர்களுக்குத்தான். ஒருவர்கூட இறக்கவில்லை.

அதன்பின் கடற்படை உணவில் பார்லி கலந்த சோறு வந்தது. சில ஆண்டுகளில் பெரிபெரி அங்கிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. 1905இல் தகாகிக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது மக்கள் அவரைச் செல்லமாக 'பார்லி பிரபு' என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தகாகி சொன்ன காரணம் தவறு! உணவில் புரதம் குறைவதால்தான் இந்த நோய் வருகிறது என்று அவர் நம்பினார். காரணம் தவறு, மருந்து சரி.

தரைப்படை கேட்கவில்லை

கடற்படையில் கிடைத்த பாடத்தை ஜப்பானியத் தரைப்படை ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் மருத்துவத் தலைமை ஜெர்மன் மருத்துவத்தைப் பின்பற்றியது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம் அது. பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நினைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் மோரி ரிந்தாரோ. 'மோரி ஓகாய்' என்ற பெயரில் ஜப்பானின் மிகச் சிறந்த எழுத்தாளர்களில் ஒருவராகப் போற்றப்படுபவரும் இவரேதான். படித்தவர், அறிவாளி, நேர்மையானவர். ஆனாலும் இந்த விஷயத்தில் தவறினார்.

வீரனுக்கு வெள்ளை அரிசி கொடுப்பது அன்று மரியாதையான விஷயமும்கூட. ஏழைக் கிராமத்தில் தினையும் பார்லியும் தின்று வளர்ந்த பையனுக்கு, மூன்று வேளையும் வெள்ளைச் சோறு என்பது பட்டாளத்தில் சேருவதற்கே ஒரு காரணமாக இருந்தது.

விலை என்ன? 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் சுமார் 2,50,000 ஜப்பானியத் தரைப்படையினர் பெரிபெரியால் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 27,000 பேர் இறந்தனர். எதிரியின் குண்டு படாமல், தின்ற சோற்றால் இறந்தவர்கள் இவர்கள். பாடம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதே நாட்டின் இன்னொரு படையிடம் இருந்தது என்பதுதான் கொடுமை.

கோழிகள் சொன்ன உண்மை

அதே காலத்தில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர் பெரிபெரிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வுக்கு வைத்திருந்த கோழிகள் திடீரென்று கால் தடுமாறி, கழுத்து திருகி விழ ஆரம்பித்தன. பெரிபெரி போலவே இருந்தது. ஆனால் சில மாதங்களில் தாமாகவே குணமாகிவிட்டன!

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. பிறகு வந்த புதிய சமையற்காரர், ராணுவத்துச் சோற்றை ராணுவத்தில் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தவிடு நீக்காத அரிசிக்குத் திரும்பின, பிழைத்துக்கொண்டன. ஒரு சமையற்காரரின் கறார் மருத்துவ வரலாற்றையே திருப்பிவிட்டது.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? எய்க்மானின் நண்பர் அடோல்ஃப் வோர்டர்மான் ஜாவாவிலும் அதையொட்டியும் இருந்த சுமார் 100 சிறைகளில், ஏறத்தாழ 2,80,000 கைதிகளின் விவரங்களைச் சேகரித்தார். தீட்டிய வெள்ளை அரிசி தந்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தவிடு நீக்காத அரிசி தந்த சிறைகளிலோ சுமார் 10,000 பேருக்கு ஒருவர்தான்.

எய்க்மானும் காரணத்தைத் தவறாகவே சொன்னார். அரிசியில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று மருந்து என்பது அவர் கருத்து. நஞ்சு எதுவும் இல்லை, உடம்புக்குத் தேவையான ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்று 1901இல் சொன்னவர், அவருக்குப் பின் அந்தப் பணிக்கு வந்த கெரிட் கிரைன்ஸ். 'இருப்பதால் வரும் நோய்' மட்டுமல்ல, 'இல்லாததால் வரும் நோயும்' உண்டு என்பது அன்றைக்குப் புதிய எண்ணம்.

புழுங்கல் அரிசியின் சாட்சி

இந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அதே நாட்டில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அபூர்வம். தமிழர்கள் ஒன்றும் செழிப்பாக வாழவில்லை. அவர்களும் வறுமையில்தான் உழன்றார்கள். அப்புறம் எப்படி? நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் விடையைப் பிடித்தார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரர்களுக்கும் நோய் அதிகம் இல்லை.

1905-06இல் வில்லியம் ஃபிளெட்சர் இதைக் கோலாலம்பூர் மனநல விடுதியில் சோதித்துப் பார்த்தார். பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசி, பாதிப் பேருக்கு வெள்ளை அரிசி. வெள்ளை அரிசி தின்றவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தனர். மற்றக் குழுவில் பெரிபெரியால் யாரும் இறக்கவில்லை. இடத்தில் ஏதாவது தொற்று இருக்குமோ என்று நடுவில் இரு குழுக்களின் கட்டடங்களையும் மாற்றிப் பார்த்தார். நோய் கட்டடத்தோடு போகவில்லை, அரிசியோடுதான் போயிற்று. சொந்தமாக ஒப்புதல் தர முடியாத மனிதர்கள் மீது நடந்த சோதனை இது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்.

புழுங்கலில் அப்படி என்ன இருக்கிறது? நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்த பிறகுதான் குத்துகிறார்கள். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள சத்து தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மேலே எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போனது முழுவதும் போய்விடாது. நெல் அவித்த பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது. அவித்தால் அரிசி நொறுங்காது, பூச்சி சீக்கிரம் பிடிக்காது என்பது தெரியும். கூடவே உயிரும் காப்பாற்றப்பட்டது!

குன்னூர் ஆய்வகம்

1918இல் குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு தொடக்கம்தான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அன்றைய சென்னை மாகாணத்துக்கு உள்ளேயே ஒரு பாடம் இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது பரவவில்லை.

ஆனால் இதைச் சொல்லித் தமிழர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது! மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவு உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. சோறே பிரதானமான 'மதராஸி' உணவு உண்டவை கடைசி இடத்தில் நின்றன. ஒரு நோயிலிருந்து தப்புவது வேறு, முழு ஆரோக்கியம் வேறு.

பெயர் கிடைத்தது

1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். 1926இல் ஜாவாவில் யான்சென், டோனாத் இருவரும் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் எது தெரியுமா? அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்! இன்று அதன் பெயர் தயமின், அதாவது வைட்டமின் பி1.

சோறு உடம்பில் குளுக்கோஸ் ஆகிறது. அதைத் தசையும் நரம்பும் முழுதாக எரித்துச் சக்தியாக்க வேண்டுமானால் தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுப்பு நிறைய விறகு இருந்தும் தீப்பெட்டி இல்லாத கதைதான். தேவையோ ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் உடம்பு இதை நிறையச் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தகாகி 1920இலேயே இறந்துவிட்டார். அண்டார்டிகாவில் ஒரு நிலமுனைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

முடிந்துபோன கதையா?

இல்லை. 2003இல் இஸ்ரேலில் விற்கப்பட்ட ஒரு சோயாப் பால்மாவில் தயமின் விடுபட்டுப் போனதால் கைக்குழந்தைகள் நோயுற்றனர், சிலர் இறந்தனர். குடிக்கு அடிமையானவர்களிடமும், தொடர்ந்து சரியாகச் சாப்பிட முடியாதவர்களிடமும் இந்தக் குறைபாடு இன்றும் காணப்படுகிறது.

தசை வளர்க்கப் புரதம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் தகாகியை நினைத்துக்கொள்ளலாம். அவர் கப்பல்களைக் காப்பாற்றியது புரதம் அல்ல, தட்டில் ஒன்றுக்குப் பதில் நான்கு பொருள்கள் வந்தது. பருப்பு, நிலக்கடலை, கம்பு, கேழ்வரகு, அதிகம் தீட்டாத அரிசி எல்லாவற்றிலும் தயமின் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். அரிசியை ஐந்தாறு தடவை களைந்தால் சத்து கழுநீரோடு மாட்டுக்குப் போகும். கஞ்சியை வடித்துக் கொட்டினால் சாக்கடைக்குப் போகும்.

27,000 வீரர்கள் இறந்தது பட்டினியால் அல்ல. வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். சோறு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதுதான் குறையே.