தலைவலி: எது சாதாரணம், எது ஆபத்தின் அறிகுறி?

தலைவலி, அல்லது ஈழத்து வழக்கில் தலையிடி, ஒருமுறையேனும் வராத மனிதரைக் காண்பது அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்கள் தொகையில் ஏறத்தாழ 40 சதவீதமானோர், அதாவது சுமார் 310 கோடிப் பேர், ஏதோ ஒரு வகைத் தலைவலிக் கோளாறினால் பாதிக்கப்பட்டிருந்தனர்.

இவற்றில் மிகப் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்து விளைவிப்பவை அல்ல. ஆனால் மிகச் சில தலைவலிகள், உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காவிட்டால், உயிரையோ கண்பார்வையையோ பறித்துவிடக் கூடியவை.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வலியின் கடுமை மட்டுமே போதுமான அளவுகோல் அல்ல. வலி எவ்வளவு வேகமாகத் தொடங்கியது, வழக்கமான வலியிலிருந்து எவ்வாறு மாறுபட்டது, அதனுடன் வேறு எவ்வகை அறிகுறிகள் தோன்றின என்பவற்றையே மருத்துவர்கள் முதலில் கேட்டறிகின்றனர்.

இரு பெரும் பிரிவுகள்

சர்வதேச தலைவலிச் சங்கம் 1988ஆம் ஆண்டில் தலைவலிகளை முறையாக வகைப்படுத்தி வெளியிட்டது. அதன் மூன்றாவது பதிப்பு 2018இல் வெளியானது. தலைவலிகள் அதில் இரு பெரும் பிரிவுகளாக அமைகின்றன.

முதலாவது, தலைவலியே நோயாக அமைவது. இரண்டாவது, காய்ச்சல், காயம், இரத்தக்கசிவு, தொற்று போன்ற வேறொன்றின் விளைவாகத் தலைவலி தோன்றுவது. முதற்பிரிவில் மூன்று வகைகள் முக்கியமானவை.

மிகப் பரவலாகக் காணப்படுவது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிப் பட்டியைக் கட்டி இறுக்கியது போல இருபக்கமும் அழுத்தும். அரைமணி நேரத்திலிருந்து ஏழு நாட்கள் வரை நீடிக்கலாம். ஆனாலும் பெரும்பாலும் அன்றாட வேலைகளைச் செய்ய முடியும்.

இரண்டாவது மைக்ரேன். சிகிச்சையின்றி விட்டால் 4 முதல் 72 மணிநேரம் வரை நீடிக்கும். நாடித்துடிப்புப் போல இடிக்கும். குமட்டலோ வாந்தியோ வரும். வெளிச்சத்தையும் சத்தத்தையும் சகிக்க முடியாது. ஆண்களை விடப் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

தமிழில் இதனை ஒற்றைத் தலைவலி என்று அழைப்பதால் ஒரு குழப்பமும் உண்டு. பலருக்கு இது தலையின் இருபக்கமும் வரும். கன்னத்திலும் நெற்றியிலும் பாரமாக இருப்பதால் சளி அல்லது சைனஸ் என்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் ஆவி பிடித்தும் தைலம் பூசியும் வருபவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் இருப்பது மைக்ரேன் தான்.

சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன்னே மின்னல் கீற்றுகளோ வளைகோடுகளோ தோன்றும். இத்தகைய முன்குறி உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடை மாத்திரைகளைப் பயன்படுத்தினால் பக்கவாதத்துக்கான வாய்ப்பு கூடுகின்றது. எனவே மருத்துவரிடம் இதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

உணவைத் தவிர்த்தல், விரதம், தூக்கக் குறைவு ஆகியவை மைக்ரேனைத் தூண்டக்கூடும். இரவுப்பணியும் பகற்பணியும் மாறிமாறிச் செய்யும் தொழிலாளர்கள் இதனைக் கவனத்தில் கொள்வது நல்லது.

மூன்றாவது, அரிதான கொத்துத் தலைவலி. ஒரு கண்ணைச் சுற்றி, தாங்க முடியாத வலி 15 நிமிடம் முதல் மூன்று மணிநேரம் வரை நீடிக்கும். அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடியும். நோயாளி படுத்திருக்க முடியாமல் அங்குமிங்கும் நடப்பார். உயிராபத்து இல்லாத ஒரு நோய், மனிதர் அனுபவிக்கும் மிகக் கொடிய வலிகளில் ஒன்றாக இருப்பதற்கு இது உதாரணம்.

மாத்திரையே காரணமாகும்போது

தலைவலிக்கென எடுக்கும் மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யும் என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். பாரசிட்டமோல், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேலாகவும், கோடீன் கலந்த மாத்திரைகளையும் டிரிப்டான் வகை மருந்துகளையும் மாதத்தில் 10 நாட்கள் அல்லது அதற்கு மேலாகவும், மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்து வந்தால் இந்நிலை ஏற்படலாம்.

மாத்திரைகளை நிறுத்துவதே இதற்கான முக்கிய சிகிச்சை. நிறுத்தியவுடன் முதலில் வலி கூடி, பின்னர் படிப்படியாகக் குறையும். கோடீன் போன்ற மருந்துகளை நீண்ட காலம் எடுத்தவர்கள் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

வலி நிவாரணியைத் தாமாகவே எடுத்துச் சமாளிப்பவர்கள், மைக்ரேனுக்கெனத் தடுப்பு மருந்துகள் உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பழைய மருந்துகளோடு, மைக்ரேனுக்காகவே உருவாக்கப்பட்ட புதிய தடுப்பு ஊசிமருந்துகள் 2018 முதல் பல நாடுகளில் பாவனைக்கு வந்துள்ளன.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

இடி விழுந்தது போலத் திடீரெனத் தொடங்கி, ஒரு சில நிமிடங்களுக்குள் உச்சத்தை அடையும் தலைவலி மூளையைச் சூழ்ந்த பகுதியில் ஏற்படும் இரத்தக்கசிவின் அறிகுறியாக இருக்கலாம். வலி தானாகத் தணிந்துவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. இத்தகைய நிலையில் அஸ்பிரின் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

முகம் கோணுதல், கை கால் மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை இழப்பு, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றுடன் வரும் தலைவலி. காய்ச்சல், கழுத்து விறைப்பு, தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றுடன் வருவது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

தலையில் அடிபட்ட பின்னர் அதிகரிக்கும் வலி. முதியவர்களிடமும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களிடமும், சிறிய அடிக்குப் பின்னர் சில வாரங்கள் கழிந்தும் உட்கசிவு வெளிப்படலாம்.

கருவுற்று 20 வாரங்களைக் கடந்த பெண்களுக்கும், அண்மையில் குழந்தை பெற்றவர்களுக்கும் ஏற்படும் கடுமையான தலைவலி. இது உயர் இரத்த அழுத்தத்தால் வரும் சிக்கலாகவோ, மூளை நாளங்களில் இரத்தம் உறைவதாகவோ இருக்கலாம்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாக வரும் தலைவலியோடு, தலைசீவும்போது உச்சந்தலை நோவதும், உணவை மெல்லும்போது தாடை வலிப்பதும் சேர்ந்தால், நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி குறித்துச் சந்தேகிக்க வேண்டும். அன்றே ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கப்படாவிட்டால் பார்வை நிரந்தரமாகப் பறிபோகலாம்.

குளிர்நாடுகளில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் ஏற்பட்டு, வெளியே சென்றதும் குறைந்தால், பழுதடைந்த வாயு அடுப்பிலிருந்தோ வெப்பமூட்டியிலிருந்தோ கார்பன் மோனாக்சைடு கசிந்திருக்கலாம். இவ்வாயுவுக்கு மணமில்லை. உடனே அனைவரும் வீட்டை விட்டு வெளியேறி உதவி கோர வேண்டும்.

அவசர அழைப்பு எண் பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் 995. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, இலங்கையில் 1990.

ஸ்கேன் அவசியமா?

மேலைநாடுகளில் குடும்ப மருத்துவர் ஸ்கேனுக்கு அனுப்பவில்லை என்ற மனக்குறை நம்மவரிடையே பரவலாக உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தனியார் மருத்துவமனையில் எடுத்து வருவோரும் உள்ளனர்.

வேறு அறிகுறிகள் இன்றித் தலைவலி மட்டுமே மூளைக்கட்டியின் அடையாளமாக அமைவது அரிது. பல ஆண்டுகளாக மாறாத மைக்ரேன் உள்ள ஒருவருக்கு, நரம்பியல் பரிசோதனை இயல்பாக இருந்தால், ஸ்கேன் பொதுவாக அவசியமில்லை. தொடர்பற்ற சிறு மாற்றங்கள் அதில் தென்பட்டு, வீண் கவலையும் மேலதிக சோதனைகளும் ஏற்படுவதுண்டு. ஆனால் வலியின் தன்மை மாறினாலோ, வாரத்துக்கு வாரம் கூடினாலோ, இருமும்போதும் குனியும்போதும் அதிகரித்தாலோ, புற்றுநோய் அல்லது நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ளவருக்குப் புதிதாக வந்தாலோ மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் எதைச் சொல்வது?

தலைவலியைக் கண்டறிவதற்கு இரத்தப் பரிசோதனையை விட நோயாளியின் வாய்மொழியே பெரிதும் உதவுகின்றது. இடிக்கிறதா, குத்துகிறதா, பாரமாக அழுத்துகிறதா என்ற வேறுபாடுகளைத் தமிழில் எளிதாகச் சொல்லும் முதியவர்கள், வேற்றுமொழியில் 'தலை வலிக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ள நேர்கின்றது. தலைவலியும் தலைச்சுற்றும் மொழிபெயர்ப்பில் இடம்மாறுவதும் நடக்கின்றது.

பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்க வைப்பதை விட, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கோருவதே பாதுகாப்பானது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் இதற்குக் கட்டணம் கிடையாது. குழந்தைகள் முன்னிலையில் பெண்கள் சொல்லத் தயங்கும் மாதவிடாய், கருத்தடை போன்ற தகவல்களும் இதனால் விடுபடாது.

வலி வந்த நாள், தொடங்கிய நேரம், நீடித்த காலம், உடன்வந்த அறிகுறிகள், எடுத்த மாத்திரைகளின் பெயரும் எண்ணிக்கையும் ஆகியவற்றைச் சில வாரங்களுக்கு ஒரு நாட்குறிப்பில் தமிழிலேயே குறித்து வரலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துகளையும் சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது அவசியம்.