யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம்

விக்ரோறியா மகாராணி 1837 தொடக்கம் 1901 வரை, 63 ஆண்டுகளுக்கு மேலாக அரியணையில் வீற்றிருந்தார். அவர் பெயரால் எழுந்த கட்டடங்களுள் தலையாயது கல்கத்தாவிலுள்ள நினைவு மண்டபம். கேர்சன் பிரபுவின் கருத்தில் உதித்து, மக்ரானா வெண்சலவைக்கல்லால் அமைந்த அம்மண்டபம் 1921 இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அத்தகைய பெருங்கட்டடம் எதுவும் அவருக்கென எழவில்லை. நகரில் ஒரு வீதியும் சுழிபுரத்தில் ஒரு கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனினும், அவரது ஆட்சிக்காலத்திலேயே அவ்வரச குடும்பத்தைச் சிறப்பிக்க இந்நகரம் எழுப்பிய சின்னம் ஒன்று உண்டு. அதுவே மணிக்கூட்டுக் கோபுரம்.

மகாராணியின் மூத்த மைந்தரும் பட்டத்து இளவரசருமான அல்பேட் எட்வேட் 1875 டிசம்பரில் இலங்கைக்கு வந்தார். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டினார், கண்டிக்குச் சென்றார், யானை வேட்டையாடினார், பின்னர் தூத்துக்குடிக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தை அவர் கண்டாரல்லர். வந்து காணாத விருந்தினரின் வருகையை நினைவுகூர ஊரார் பணம் சேர்த்தனர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. பொதுமக்களின் நிதியைக்கொண்டு எழுந்த கோபுரத்தை வடிவமைத்தவர் சிமிதர். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையும் அவர் கைவண்ணமே. மணிக்கூட்டைத் தேசாதிபதி சேர் ஜேம்ஸ் லோங்டன் வழங்கினார். 1882 இல் வேலை நிறைவெய்தியது.

இவ்விசுவாசத்தின் வேரைக் காண்பதற்கு அக்காலச் சமுதாயத்தை நோக்குதல் வேண்டும். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் ஏனைய மிசன் பாடசாலைகளும் ஆங்கிலம் கற்ற ஒரு வகுப்பினரை உருவாக்கியிருந்தன. எழுதுவினைஞர், பிரக்கிராசிமார், முதலியார்கள் என விரிந்த அவ்வகுப்பினருக்கு முடியின்மீதான பற்று வெறும் முகமன் அன்று. உத்தியோகமும் பட்டமும் அவ்வழியாகவே வந்தன. இளவரசர் வராவிடினும் அவர் பெயரால் கோபுரம் எழவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது எனலாம்.

ஆனால், அதே ஆண்டுகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. இளவரசர் வந்துபோன பின், கோபுரம் முடிவுறுவதற்கு முன், குடாநாட்டைப் பஞ்சமும் வாந்திபேதியும் வாட்டின. ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். அரசாங்க அதிபர் துவைனத்தின் நிருவாகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவரும் அவரே. ஒரே ஊர், ஒரே தசாப்தம்: ஒருபுறம் அரச குடும்பத்துக்குக் கோபுரம், மறுபுறம் பசித்தோர்க்குக் கஞ்சி. கோபுரத்தின் அழகை வியந்து எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவது குறைவு.

இனி, கோபுரத்தின் பயனை எண்ணிப் பார்க்கலாம். கோயில் மணியையும் வெயிலின் சாய்வையும் கொண்டு பொழுதறிந்த மக்களுக்கு, கச்சேரி நேரமும் நீதிமன்ற நேரமும் புதியவை. யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி வந்தது 1902 இலேதான். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே மணிக்கூடு வந்துவிட்டது. சிலையொன்றை நிறுவியிருந்தால் அதனை வணங்குவோரும் வெறுப்போரும் இருந்திருப்பர். மணிக்கூட்டுக்கோ வழிப்போக்கர் யாவரும் உரியவராயினர். யாரை நினைந்து எழுந்தது என்பது மறக்கப்பட்டமைக்கும் இதுவே காரணமாகலாம். எட்வேட் தமது 59 ஆவது வயதில், 1901 இல், முடிசூடும் உரிமை பெற்றார். 1910 இல் மறைந்தார்.

இக்கோபுரத்துக்கு அண்மையில் நிற்கும் பொது நூலகமும் ஊராரின் முயற்சியால் வளர்ந்ததே. அது 1981 இல் எரிக்கப்பட்டது. பின்னர் மூண்ட போரில் கோபுரமும் சிதைவுற்றது. 2002 இல் அதனைப் புதுப்பித்தபோது அந்நிய முடியின் சின்னத்துக்கு இத்துணைச் செலவு எதற்கு என்று வினவுதல் இயல்பே. ஆயின் 1882 இல் அதற்குப் பணம் கொடுத்தோர் இந்நகரத்தார். 120 ஆண்டுகளாக அதனைப் பார்த்து நேரம் அறிந்தோரும் அவர்களின் வழிவந்தோரே.